தூங்கி எழுந்த டைகர்

நாய்க்கெல்லாம் ஒரு சாட்சியா என்று சிரிக்காதீர்கள், சகோதர சகோதரிகளே. சிரித்தாலும் பரவாயில்லை, ஆண்டவர் செய்ததைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

எழுபத்திரண்டாம் வருஷம், கவரைப்பேட்டை ரோட்டில் எங்கள் டைகரை ஒரு லாரி இடித்துவிட்டது. இடுப்பெலும்பு உடைந்து கோணலாகக் கூடியது. வலி மட்டும் போகவே இல்லை. ஒரு வருஷம் முனகலைக் கேட்டே எங்களுக்கு விடிந்தது. தொட்டால் கடித்தான். கடைசியில் என் வீட்டுக்காரர் கையையே கடித்துவிட்டான்.

“இத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போற? ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்பால நானே முடிச்சிடுவேன்” என்றார். எனக்கு உயிரே போய்விட்டது.

எங்கள் சபையில் மருந்து தொடமாட்டோம். ஜுரம் வந்தாலும் எண்ணெய் பூசி ஜெபம்தான். டைகருக்கும் பூசினேன், நக்கிவிட்டான். “ஆண்டவரே, இவன் வலியை எடும்” என்று அழுதேன். எப்படி எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுப் பசுவுக்கு ஊசி போட வந்த மாட்டு டாக்டர், முனகலைக் கேட்டு எட்டிப் பார்த்தார். இது தீராத வலி, ஆனால் அடக்கலாம் என்று அபின் சத்துள்ள மாத்திரை கொடுத்தார். “நான் சொன்ன அளவுக்கு மேல போனா மூச்சு நின்னுடும்மா. அப்பப்ப வந்து பாத்து நானே அளவை மாத்தறேன்.”

கேட்டதற்கு வந்த பதில் இதுதான். எனக்குச் சந்தேகமே இல்லை. சாயங்காலம் கருவாட்டுக்குள் வைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் வெயில் ஏறியும் அவன் அசையவில்லை. “மருந்துக்குப் போனியே, பாத்தியா?” என்றார் சபையின் எஸ்தர் அக்கா. என்னைத் தேற்ற வந்த பெண்கள் கஞ்சிரா தட்டிப் பாடத் தொடங்கினார்கள். வீட்டுக்காரர் குழி தோண்ட மண்வெட்டியோடு வந்தார்.

கஞ்சிரா சத்தத்தில் டைகர் ஒரு கண்ணைத் திறந்து கொட்டாவி விட்டான்.

“செத்துப் பொழச்சான்னு சாட்சி சொல்லுடி” என்றார் அக்கா.

“இல்லக்கா. தூங்கி எழுந்தான்” என்றேன். ஆண்டவருக்கு நம் பொய் வேண்டாம். ஒரு வருஷமாக வராத தூக்கம் அது, அதுவே அற்புதம்.

டைகர் நொண்டிக்கொண்டே போய், தான் கடித்த அதே கையில் முகவாயை வைத்தான். வீட்டுக்காரர் மண்வெட்டியைக் கீழே போட்டார். அன்று முதல் வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தது அவர்தான். நொண்டியபடியே பல வருஷம் இருந்தான், ஒருவரையும் கடிக்கவில்லை.

நீங்களும் தைரியமாகக் கேளுங்கள். பதில் மாத்திரையாக வாசலில் வந்து நின்றால், திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.