ஐந்தாவது உப்புப் படிகம்

ஓய்வு பெற்ற பிறகு, கல்பாக்கம் போகும் வழியிலுள்ள ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்ய எனக்கு இரண்டு வருட அனுமதி கிடைத்தது. அதில் நான்கு நாள் பாக்கி. உப்புக் கரைசலில் படிகம் வளரும்போது அதன் முகத்தில் படிப்படியாக அடுக்கு சேரும். கரைசலுக்குள் எப்படி இருந்தனவோ அப்படியே அந்தப் படிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

தொல்லை எல்லாம் வெளியே எடுப்பதில்தான். இடுக்கியால் தூக்கும்போது கொஞ்சம் கரைசலும் ஒட்டிக்கொண்டு வரும். அது காய்ந்தால் அதிலுள்ள உப்பும் முகத்தில் படிந்துவிடும். அதற்குள் வடிதாளால் உறிஞ்சியாக வேண்டும். போதாததற்கு மாமல்லபுரத்துக் கடற்காற்று. ஜன்னல் கொக்கியை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். இருபது படிகத்தில் பதினாறு வீண்.

மிஞ்சிய நான்கை அலுமினிய வட்டில் ஒட்டினேன். கூடவே ஐந்தாவதாக ஒன்று. அது கரைசலில் வளர்ந்ததல்ல; வழவழப்பான ஒரு படிகத்தை வளர நேரம் தராமல் முக்கி உடனே எடுத்து, மற்றவற்றைப் போலவே வடிதாளால் ஒற்றினேன். அது வழவழப்பாகவே இருந்தால்தான் மற்ற நான்கையும் நம்பலாம். நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரிவதற்காக ஐந்துக்கும் மெல்லிய தங்கப் பூச்சு கொடுத்தேன்.

நுண்ணோக்கியை இயக்குபவர் திருவிடந்தைக்காரர்.

"அஞ்சாவது எதுக்கு சார், திருஷ்டிக்கா?" என்றார்.

முதல் படிகம் திரையில் வந்ததும் அவரே எழுந்து நின்றுவிட்டார். "இன்னா சார் இது, கோயில் குளத்துப் படிக்கட்டு மாதிரியே கீது!"

பதினேழு படிகள் எண்ணினேன். நான்கு படிகத்திலும் இருந்தன. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

"திருஷ்டியையும் பாத்துடலாமா?"

பார்த்தோம். அதே படிகள், அதே இடைவெளி. ஒன்பது வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். அப்படியென்றால் ஐந்திலும் தெரிந்த படிகள் எல்லாமே வெளியே எடுத்த பிறகு, காயும்போது உண்டானவை. கரைசலுக்குள் என்ன இருந்ததோ, அது இவற்றுக்கு அடியில் மூடிக் கிடந்தது.

"நாலு படத்த மட்டும் எடுத்துக்கினு போ சார். அஞ்சாவத எவன் கேக்கப்போறான்?"

"நான் கேட்பேனே."

"உன்னோட ஒரே பேஜாரு சார்" என்று முனகியபடி ஐந்தையும் பதிவு செய்தார். "இன்னொரு தபா போட்டுப் பாக்கலாமே?"

"மெஷின் எப்போ காலி?"

அவர் அட்டவணையைப் பார்த்தார். என் நான்கு நாள் மட்டுமல்ல, அடுத்த மாதம் முழுக்க ஆள் இருந்தது. வட்டை வெளியே எடுத்து என் கையில் வைத்தார்.