மழைத்தொட்டியைத் திறந்துவிட்ட டிரெசர்

டிரெசர் வேலாயுதர் காலமான செய்தி பிரிக்பீல்ட்ஸ் சந்தையில் எனக்குக் கிடைத்தது. சொன்னவர், கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் எங்களோடு இருந்து கணக்கு எழுதிய பழைய கிராணி. "டிரெசர் போயிட்டாரு மாஸ்டர். ரொம்ப சாதுவான மனுசன்" என்றார். இறுதிச் சடங்கிலும் பலர் அதையே சொன்னார்கள். அவரை அறிந்த உங்களிடம் சொல்கிறேன்: அவர் சாது அல்லர்.

மருந்து கொடுத்துக் காயம் கட்டும் டிரெசராக, தோட்டத்து ஆஸ்பத்திரி அவர் பொறுப்பு. பள்ளிக்கூடம் என் பொறுப்பு. கூலிகளின் வரிசை வீடுகளான லயத்து ஜனங்களுக்குக் குடிக்க ஆற்றுத் தண்ணீர்தான். ஆற்றின் மேல்பக்கத்தில் வெள்ளீயச் சுரங்கம் திறந்தார்கள். மண்ணைக் கழுவிய தண்ணீர் அப்படியே ஆற்றில் விழுந்தது. ஆறு சேற்று நிறமானது. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள். என் வகுப்பில் பாதி காலி.

தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜரான துரையிடம் டிரெசர் முறையிட்டார். நானும் உடன் போனேன். துரை சிரித்தார். தண்ணீரில் இருப்பது இயற்கையான தாது, உடம்புக்கு நல்லது, சீமையில் அப்படிப்பட்ட ஊற்றுநீரைத் தேடிப்போய்க் குடிக்கிறார்கள் என்றார். பயமிருந்தால் காய்ச்சிக் குடிக்கட்டும் என்றும் சொன்னார். அவர் பங்களாவில் மட்டும் கூரையில் விழும் மழைத் தண்ணீர் பெரிய தொட்டியில் சேர்ந்தது.

வெளியே வந்ததும் டிரெசர் என் பக்கம் திரும்பினார்.

"காய்ச்சினால் கிருமி சாகும், மாஸ்டர். கரைஞ்சு கிடக்கிற நஞ்சு சாகுமோ?"

துரை சிங்கப்பூருக்குப் போன மறுநாளே டிரெசர் லயத்துப் பெண்களைக் குடங்களோடு பங்களாவுக்குக் கூட்டிவந்தார். அவர்களில் கண்ணம்மா தயங்கினாள். "துரைக்குத் தெரிஞ்சா வைவாரு டிரெசரய்யா."

"என்னை வையட்டும். நீ குடத்தை நிரப்பு பிள்ளை."

துரை திரும்பும்வரை தினமும் தொட்டி திறந்திருந்தது. பிள்ளைகள் தேறி வகுப்புக்கு வந்தார்கள். துரை வந்த அன்றே டிரெசருக்கு வேலை போனது. தொட்டிக்குப் பூட்டுப் போட்டவர், இன்று அவரைச் சாது என்கிற அதே கிராணி. மழைக்காலம் முடிவதற்குள் கண்ணம்மாவின் மகள் பாக்கியம் வயிற்றுப்போக்கில் செத்தாள். சுரங்கம் நிற்கவில்லை. துரை பதவி உயர்வு பெற்றுப் போனார்.

அதன்பிறகு எந்தத் தோட்டமும் டிரெசரைச் சேர்க்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மருந்துக் கடையில் புட்டி கழுவினார். போன மாதம் பார்த்தபோது, "தொட்டியைத் திறந்ததற்கு வருத்தமுண்டா?" என்று கேட்டேன். அவருக்குச் சட்டென்று கோபம் வந்தது.

"எதுக்கு வருத்தம்? பூட்டை உடைக்காமல் வந்திட்டன், மாஸ்டர். அதுதான் இண்டைக்கும் நித்திரை வருகுதில்லை."

பாக்கியத்தைக் கொன்றவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். தூங்காமல் கிடந்தவர் இவர் ஒருவர்தான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கோபத்தை. 'சாது' என்ற சொல்லைப் போட்டு அதையும் புதைக்க நான் விடமாட்டேன்.