வள்ளிக்கு வராத கழித்தல்

ஐம்பதுகளில் ஒரு வருடம் மழை பொய்த்து, கீரமங்கலத்தில் எங்கள் கடலைக் கொல்லை காய்ந்துபோனது. ஒரு நாள் வீட்டில் வறுத்த கடலை கொஞ்சம் மட்டுமே இருந்தது. அதை வைத்து, இரண்டாம் வகுப்பு படித்த மகள் வள்ளிக்குக் கழித்தல் சொல்லிக்கொடுத்தேன்.

"பத்துல மூணை எடுத்துட்டா மிச்சம் எத்தனை தாயி?"

"தெரியல ஆத்தா."

திரும்பத் திரும்பக் கேட்டும் அதே பதில்தான். எரிச்சலில் கடலையை ஒதுக்கிவிட்டுக் கூழாங்கற்களை வைத்தேன். உடனே "ஏழு" என்றாள்.

"கடலைய வச்சுக் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா மூணை எடுத்துருவியே ஆத்தா. தம்பி இன்னும் சாப்பிடலையே."

அடுப்பு அன்று எரியவே இல்லை. கடலையை இருவருக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒரு பிள்ளை "தெரியல" என்றால், இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை. முதலில் அது சாப்பிட்டதா என்று கேட்கிறேன்.