ஒட்டி மறைத்த பக்கம்

ஐம்பதுகளின் கடைசியில் நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் டீச்சராக இருந்தேன். கணவர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஐந்து வயது மகள் வசந்தாவிடம், அப்பா வெளியூர் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன். அவள் சிரிப்பதே இல்லை.

அவளுக்காகத் தெப்பக்குளம் கடையில் ஒரு வேடிக்கைப் படப்புத்தகம் வாங்கினேன். ஒரு குரங்கு ராஜாவைப் படாதபாடு படுத்தும் கதை. ஒரு படத்தில் அது ராஜாவின் வேட்டியை உருவிக்கொண்டு ஓடியது. குழந்தைக்கு இது எதற்கு என்று அந்தப் பக்கத்தின் மேல் காகிதம் ஒட்டிவிட்டேன்.

வசந்தா தினமும் அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள், நகத்தால் சுரண்டுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெதுவாகக் கேட்டாள்.

“அம்மா, ராஜா செத்துட்டாரா?”

“ஏன்டி அப்படிக் கேக்கறே?”

“அப்பா செத்ததையும் நீ மறைச்சு வச்சிருக்கியே. பக்கத்து வீட்டுல பேசிக்கிட்டாங்க.”

ஈரத்துணியால் காகிதத்தை நனைத்தேன். இருவருமாக உரித்தோம். முதலில் கிரீடம் வந்தது, அப்புறம் முதுகு, அப்புறம் மீதி. வசந்தா என் முகத்தைப் பார்த்தாள். என்னால் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டேன். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரித்து ஓய்ந்ததும், “அப்பாவுக்கு வலிச்சுதா?” என்று கேட்டாள்.

அவளை மடியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரியில் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். அழுதது நான்தான். ஆறு மாதமாக ஒரே வீட்டில் இருவரும் தனித்தனியாகத் துக்கம் காத்து வந்திருக்கிறோம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.