நாற்பதாம் தோப்புக் கரடி

மார்ட்டன் என்ற மலையூரில் வெர்லன் மெஸ்ஸர் என்று கேட்டால் சிலருக்குத் தெரியாது. கரடிக்காரன் என்று கேட்டால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். பதினான்கு வருஷமாக அதுதான் அவன் பிழைப்பு. மரக் கம்பெனி மலை மலையாக நட்டு வளர்க்கும் ஃபிர் என்ற ஊசியிலை மரங்களில் வசந்தம் வந்ததும் சாறு ஏறும். கரடி வந்து அடிமரத்துப் பட்டையைக் கிழித்து எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் ஈரத்தைப் பல்லால் சுரண்டித் தின்னும். சுற்றிலும் பட்டை போனால் மரம் செத்தது. அப்படி உரிக்கிற கரடியை நாய் விட்டுத் துரத்தி, மரத்தில் ஏற்றி, சுட்டுத் தள்ளுவது வெர்லனின் வேலை. ஏப்ரலில் ஆரம்பித்தால் ஜூன் கடைசியில் முடியும். அதற்குப் பிறகு காட்டில் பழம் பழுத்துவிடும், பட்டையைக் கரடி சீந்தாது.

அதற்கு முன்னால் அவனும் மற்றவர்களைப் போல மரம் வெட்டியவன்தான். முப்பத்தொன்பதாவது வயதில் சரிவில் உருண்டு வந்த ஒரு கட்டை அவனுடைய இடது காலை நசுக்கிவிட்டுப் போனது. காலை வெட்டாமல் காப்பாற்றியதை டாக்டர் பெருமையாகச் சொன்னார். காப்பாற்றிய காலை வைத்துக்கொண்டு மரம் வெட்ட முடியாது என்பதை அவர் சொல்லவில்லை. இரண்டு வருஷம் சமையலறை ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பேச்சில்லை, சவரமில்லை. அவன் மனைவி ஒலீட்டா அந்த இரண்டு வருஷமும் துப்பாக்கியை மெத்தைக்கு அடியில், பிறகு தன் தம்பி டில்லர்ட் வீட்டில், அங்கேயும் பயமாக இருந்து கடைசியில் தேவாலயத்துப் பியானோவுக்குப் பின்னால் என்று மாற்றி மாற்றி ஒளித்து வைத்தாள். பாதிரியாருக்குத் தெரியும். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

அந்த நாற்காலியிலிருந்து அவனை எழுப்பியவை நாய்கள். அவனுடைய அப்பா கிழக்கே கரோலினா மலையிலிருந்து மரம் வெட்ட மேற்கே வந்தபோது, கட்டில் பெட்டியைக்கூட விட்டுவிட்டு, கரடி நாய்களை மட்டும் ரயிலேற்றிக்கொண்டு வந்தவர். அந்த வம்சத்தில் மிச்சமிருந்த இரண்டு குட்டிகளை டில்லர்ட் ஒருநாள் கொண்டுவந்து அவன் மடியில் போட்டான். குட்டிகள் வளர்ந்தன, அவனும் எழுந்தான். கம்பெனி கரடி வேலையைக் கொடுத்தது. வண்டி ஓட்டத் தெரிந்து, நாய் குரைப்பதில் அர்த்தம் தெரிந்தால் போதும். நொண்டிக்கு அந்த மலையில் வேறு எந்த வேலையும் கிடையாது.

இவ்வளவும் சரி. இந்த வருஷம்தான் எல்லாம் கோணலாகப் போயிற்று.

நாற்பதாம் தோப்பு என்று ஒன்று. இருபத்து மூன்று வயது மரங்கள், போன வருஷம்தான் இடைவெளி விட்டுக் களைந்திருந்தார்கள். வெயில் உள்ளே விழுந்து மரங்கள் கொழுகொழுவென்று ஏறியிருந்தன. கொழுத்த மரத்தில்தான் சாறு இனிக்கும். மே மாதம் பிறந்ததும் ஒரு கரடி அதற்குள் புகுந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் நாற்பது ஐம்பது மரம் பட்டை உரிந்து வெள்ளை வெளேரென்று நிற்கும். வெர்லன் மூன்று வாரத்தில் நான்கு ஆண் கரடிகளைச் சுட்டான். ஒவ்வொன்றும் ஆள் உயரம். உரிப்பது நிற்கவில்லை.

தோப்பு அதிகாரி லிண்ட் வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தார். முப்பது வயதுக்காரர், நல்ல மனிதர், அதனாலேயே கெட்ட செய்தி சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது.

“வெர்லன், உங்க மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு உங்களுக்கே தெரியும்.”

“மரியாதைய மூட்டை கட்டி வைங்க சார். விஷயத்தச் சொல்லுங்க.”

“மேல இருக்கறவங்க கண்ணி வைக்கிற ஆளுங்களப் பேசி வெச்சிருக்காங்க. திங்கக்கிழமை வர்றாங்க. நாளைக்குள்ள நாப்பதாம் தோப்புக் கரடிய நீங்க காட்டினா நான் நிறுத்திப்புடறேன். இல்லேன்னா, நாயெல்லாம் இனிமே வேண்டாம்னுதான் சொல்வாங்க.”

“நாய் வேண்டாம்னா, நானும் வேண்டாம்.”

லிண்ட் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். அதுதான் பதில்.

வெர்லனுக்கு ஒரு சந்தேகம் இருந்தது, அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான். உரித்த மரத்தில் பல் தடம் மேலிருந்து கீழாக உளி இழுத்தது போல் விழுந்திருக்கும். நாற்பதாம் தோப்பில் அந்தத் தடம் குறுகல். பெரிய ஆணுடையது இல்லை. லேன் ஓடைப் பக்கம் ஒரு பெண் கரடி உண்டு, நெற்றியில் வெள்ளை விழுந்தது. நாய்கள் அதை மூன்று வசந்தமாக மரத்தில் ஏற்றியிருக்கின்றன. மூன்று தடவையும் வெர்லன் கீழே நின்று அண்ணாந்து அதன் அடிவயிற்றைப் பார்ப்பான். காம்பைச் சுற்றி முடி உதிர்ந்திருக்கும். பால் கொடுக்கிற கரடி. நாய்களைப் பிடித்துக் கட்டி, வீட்டுக்கு வந்துவிடுவான். அவன் அப்பா வைத்த வழக்கம் அது, அவர் அப்பாவும் வைத்தது: வசந்தத்தில் காம்பைப் பார்க்காமல் சுடக்கூடாது, பால் காம்பு என்று பார்த்தபின் சுடக்கூடாது. கம்பெனிக்கு இந்த வழக்கம் தெரியாது. தெரிந்தால் சிரித்திருப்பார்கள்.

அதனால் ஒரு வினை வந்தது. பதினான்கு வருஷத்தில் வெர்லன் ஒரு தாய்க் கரடியின் இரைப்பையைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. அது என்ன தின்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தாய்தான் உரிக்கும், பார்த்துப் பார்த்துக் குட்டி உரிக்கும் என்று ஊரில் பேசுவதை அவனும் நம்பினான், லிண்டிடமும் ஒருமுறை சொல்லியிருந்தான். நாம் இரக்கப்பட்டு விட்ட கரடிதான் நம் சோற்றில் மண்ணைப் போடுகிறது என்ற நினைப்பு அவனை அரித்தது.

சாப்பிடும்போது ஒலீட்டாவிடம் சொன்னான். சோள ரொட்டியும் பீன்ஸும் ஆறிக்கொண்டிருந்தன.

“நாளைக்கு நான் போகலே. வேலை போனாப் போகட்டும்.”

“போனா?”

“போனா என்ன, வீட்டுல இருப்பேன்.”

ஒலீட்டா கரண்டியைக் கீழே வைத்தாள். “எங்க இருப்பீங்க? அந்த நாற்காலியிலயா? இந்தா பாருங்க, நான் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டுல முந்நூறு பிள்ளைங்களுக்கு உருளைக்கெழங்கு உரிச்சுட்டு வந்து, மனுசன் உசுரோட இருக்கானா இல்லையான்னு கதவத் தொறக்கறதுக்கு முன்ன அஞ்சு நிமிசம் வெளிய நிப்பேன். ரெண்டு வருசம் நின்னேன். இன்னொரு தடவ என்னால ஆகாது.”

“அது பால் குடுக்கற கரடிடி.”

“நானும் ரெண்டு பெத்துப் பால் குடுத்தவதான். எனக்கு யாரு பாவம் பாத்தா? போயிச் சுட்டுட்டு வாங்க.”

சொல்லிவிட்டு அவளே அழுதாள். வெர்லன் ரொட்டியைப் பிட்டு அப்படியே வைத்துவிட்டான்.

சனிக்கிழமை காலை டில்லர்ட் வந்தான். மூக்கில் கெட்டிக்காரனான டிரம் என்ற நாயை மோப்பம் பிடிக்க வண்டியின் பானெட் மேல் ஏற்றிக் கட்டினார்கள். மற்ற மூன்றும் பின்னால் பெட்டியில். வெர்லன் லேன் ஓடைச் சாலையில் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினான்.

“என்ன மச்சான், கல்யாணத்துக்குப் போற வேகமா இது? கருமாதிக்குப் போற வேகமா இருக்கு.”

“வாய மூடிட்டு நாயப் பாருடா.”

இரண்டாவது வளைவில் டிரம் தலையைத் தூக்கிக் காற்றை இழுத்து ஒரு நீண்ட ஊளை போட்டது. அவிழ்த்துவிட்டார்கள். நாலு நாயும் சரிவில் பாய்ந்து மறைந்தன. டில்லர்ட் பின்னால் ஓடினான். வெர்லன் கைத்தடியை ஊன்றி ஊன்றிப் போனான். ஒரு மணி நேரம் கழித்துக் குரைப்பு மாறியது: ஓடுகிற குரைப்பு நின்று, மரத்தடியில் நின்று அடிக்கிற குரைப்பு.

பெரிய கிழட்டு மரம் ஒன்று. பாதி உயரத்தில் வெள்ளை நெற்றிக்காரி கிளையைக் கட்டிக்கொண்டு கீழே பார்த்தாள். அவளுக்கு மேலே, உச்சிக்குப் பக்கத்தில், பூனை அளவுக்கு இரண்டு கறுப்பு உருண்டைகள்.

“மச்சான்,” என்றான் டில்லர்ட், “கட்டிப் போட்டுரலாமா நாய?”

வெர்லன் காம்பைப் பார்த்தான். பார்த்தபின் சுட்டான்.

கரடி விழுந்த சத்தம் அடங்குவதற்குள் டில்லர்டைப் பிடித்துத் தள்ளினான். “ஓடு. வண்டிய எடுத்துட்டுப் போயி லிண்டக் கூட்டிட்டு வா. கெடச்சுதுன்னு சொல்லு.” அவன் குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. பயம் விட்டுப்போன சந்தோஷம்.

டில்லர்ட் போனபின் நாய்களைக் கட்டினான். கத்தியை எடுத்து வயிற்றைக் கீறினான். லிண்டுக்குக் காட்டச் சாட்சி வேண்டும். உரிக்கிற கரடியின் இரைப்பை மரச்சாறும் வெள்ளைச் சிம்புமாகப் பிசுபிசுத்துக் கிடக்கும், வாயைச் சுற்றிப் பிசின் ஒட்டியிருக்கும். வாயைத் திறந்தான். பிசின் இல்லை. இரைப்பையை வெட்டினான். புல், ஓடைக்கரை இலைகள், ஒரு கைப்பிடி எறும்பு. இன்னும் துழாவினான். முழங்கை வரை விட்டுத் துழாவினான். ஒரு சிம்புகூட இல்லை.

இவள் அந்தத் தோப்பில் வாய் வைத்தவளே இல்லை.

வெர்லன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். மேலே குட்டிகள் அழ ஆரம்பித்தன. மனிதக் குழந்தை அழுவது போல்தான் அழும், கேட்டவர்களுக்குத் தெரியும். காதைப் பொத்திக்கொண்டான். பிறகு எழுந்து, இரைப்பையை இலைகளுக்கு அடியில் தள்ளி மூடினான்.

டில்லர்டுக்குப் பின்னால் லிண்ட் மூச்சிரைக்க வந்தார். “இதுதானா வெர்லன்?”

“இதுதான் சார்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

லிண்ட் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார், ரத்தத்தைப் பார்க்காமல். “அப்பாடா. எனக்கே ராத்திரி தூக்கம் இல்ல. அடுத்த வருசமும் நீங்கதான், எழுதியே வாங்கித் தரேன்.” அப்போதுதான் மேலே சத்தம் கேட்டு நிமிர்ந்தார். முகம் சுருங்கியது. “குட்டிங்களா?”

“ரெண்டு.”

“ஐயோ.” மறுபடி மேலே பார்த்தார். “நீங்கதானே சொன்னீங்க, தாய் உரிக்கறதப் பாத்துத்தான் குட்டி பழகும்னு. அப்ப அதுங்களையும்... எனக்கும் பிடிக்கலே வெர்லன். ஆனா விட்டா இதே தோப்புக்குத்தானே வரும்?”

டில்லர்ட் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். வெர்லன் துப்பாக்கியைத் தூக்கினான். குறிக்குள் ஒரு குட்டி தெரிந்தது. அது இவனைப் பார்க்கவில்லை. கீழே கிடக்கும் தாயைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. அவன் விரல் விசை மேல் இருந்தது. ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், இரண்டு தோட்டா போதும், வேலை அவனுடையது, வீடு பழையபடி இருக்கும்.

துப்பாக்கியை இறக்கினான்.

“இது அது இல்ல சார்.”

“என்னது?”

“பொய் சொல்லிட்டேன். இது உரிக்கற கரடி இல்ல.” இலைகளை விலக்கி இரைப்பையை இழுத்துப் போட்டான். “பாருங்க. புல்லு. எறும்பு. அவ்வளவுதான். இதுங்களுக்கு உரிக்கத் தெரியாது. இதுங்க ஆத்தாளுக்கே தெரியாது.”

லிண்ட் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “இத நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்.”

“தெரியும்.”

“குட்டிங்கள விட்டுடுங்க. ஆனா திங்கக்கிழமை அவங்க வருவாங்க வெர்லன். என்னால நிறுத்த முடியாது.” அவர் மறுபடி கை கொடுக்கவில்லை. தன் வண்டிக்குத் தனியாகவே இறங்கிப் போனார்.

டில்லர்ட் அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டான்: “ஏறிப் புடிக்கலாமா?”

“அந்தக் கெளை அணிலத் தாங்கும். உன்னத் தாங்குமா?”

“தானாப் பொழைக்குமா மச்சான்?”

“பால்குடி மறக்காதது. பொழைக்காது.”

“அப்ப எதுக்குய்யா உண்மையச் சொல்லித் தொலைச்ச? வேலையும் போச்சு, குட்டியும் போச்சு!”

ஆள் இருக்கும்வரை குட்டிகள் இறங்காது என்பதால், நாய்களை இழுத்துக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். வண்டி வரைக்கும் அந்த அழுகை கேட்டது.

ஒலீட்டா வாசலிலேயே நின்றிருந்தாள். “கெடச்சுதா?”

“கெடச்சுது.”

“அப்ப வேலை?”

“போச்சு.”

அவளுக்குப் புரியவில்லை. அவன் எல்லாவற்றையும் சொன்னான், ஒன்றையும் விடவில்லை, துப்பாக்கியைத் தூக்கியதையும் சொன்னான். அவள் அவன் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டாள். ரத்தம் பச்சைத் தண்ணீரில் போயிற்று. சட்டையின் வலது கையில், முழங்கைக்குக் கீழே, ஏதோ வெள்ளையாகக் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. நகத்தால் சுரண்டினாள். மூக்கருகே கொண்டுபோனாள். இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவளுக்கு அந்த வாசனையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சட்டையைப் பிடித்தபடியே தொட்டியோரம் உட்கார்ந்தாள்.

“நாந்தானே போகச் சொன்னேன்,” என்றாள்.

வெர்லன் அவள் பக்கத்தில், கால் மடங்காமல், சிரமப்பட்டு உட்கார்ந்தான்.

“நீ சொல்லலேன்னாலும் போயிருப்பேன்டி,” என்றான்.

அன்றைக்கு அவன் சொன்ன இரண்டாவது பொய் அது. இதை அவன் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.