அந்தப் பக்கத்து மூன்று சென்ட்

ஆனந்தபாய் அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் கோபப்படுவேன். இருபது வருடமாக ஒரே அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து முந்திரிப் பருப்புக்குத் தோலுரிக்கிறோம். அவள் பேசாத பேச்சையெல்லாம் நான் பேசித் தீர்ப்பேன்.

அவள் வீடு காரோடு கிராமத்தில், எல்லைச் சாலைக்கு இந்த மலையாளப் பக்கம். வீடு என்றா சொன்னேன்? நாலு சென்டில் தார்ப்பாய் போட்ட கொட்டகை. புருஷன் செத்த பிறகு ஒவ்வொரு மழைக்கும் கட்டிலை இடம் மாற்றிப் போட்டே காலம் தள்ளுகிறாள். பஞ்சாயத்து வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்த அன்று பெஞ்சில் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தாள். போன மாதம் பெயரை வெட்டிவிட்டார்கள். வேறு நிலம் இருப்பதை மறைத்தாளாம். அப்பீலுக்குப் பதினைந்து நாள்.

மறைத்தது எது தெரியுமா? சாலைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், அவள் அம்மா வழியில் வந்த மூன்று சென்ட் பாறை. பெண் கொடுத்தும் எடுத்தும் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பக்கம் துண்டு நிலம் உண்டு. ரேஷன் இங்கே, ஓட்டு இங்கே. அந்தப் பக்கத்து நிலம் அந்தப் பக்கத்து அரசாங்கத்தோடு போயிற்று என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். அக்காவுக்குத் தமிழ் பைபிள் மனப்பாடம், மலையாள எழுத்து ஓடாது. அதனால் விண்ணப்பத்தை வார்டு மெம்பர் சோமன்தான் எழுதிக் கொடுத்தார். பாறையைப் பற்றி அவள் கேட்கத்தான் செய்தாள்.

"அது தமிழ்நாடுல்லா அக்கா, எழுதாண்டாம்" என்றார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

சோமனுக்கும் அந்தப் பக்கம் ரப்பர் உண்டு, ஊருக்கே தெரியும். தேர்தலில் நின்றவர்கள் கொடுத்த சொத்து விவரத்தை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம் என்று என் தம்பி அஜீஷ் சொல்லியிருந்தான். அவரும் மறைத்திருப்பார், குட்டு உடையட்டும் என்று அக்காவைப் பஞ்சாயத்து ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கிளார்க் எங்களைப் பார்த்தார், கறை ஏறிய எங்கள் விரல்களைப் பார்த்தார். "ஏதா பார்ட்டி?" எந்தக் கட்சி என்று மலையாளத்தில் கேட்டார்.

"அண்டி ஆபீஸ் பார்ட்டி ஆக்கும்" என்றேன். அக்கா என் கையைக் கிள்ளினாள்.

மூன்று முறை நடந்த பிறகு நகல் கிடைத்தது. வராந்தாவில் நின்று நான் வாசித்தேன். இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். சோமன் எதையுமே மறைக்கவில்லை. அந்தப் பக்கத்து விளவங்கோடு தாலுகா ரப்பர், மனைவி பெயரில் இருக்கும் தென்னந்தோப்பு, சர்வே எண் உட்பட எல்லாம் சுத்தமாக இருந்தது. தேதி, அக்காவின் விண்ணப்பத்துக்கு ஒரு வருடம் முந்தியது.

"அப்போ எழுதணும்னு அவருக்குத் தெரியும்" என்றாள் அக்கா. பொய் எழுதியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். உண்மையை எழுதி வைத்திருக்கிற மனுஷனை என்ன செய்வது?

பஸ் இறங்கியதும் அவள் நேராக மெம்பர் வீட்டுக்கு நடந்தாள். தாளை வாங்கிப் பார்த்த சோமனுக்கு முகம் வெளிறியது.

"இது வக்கீல் எழுதித் தந்ததாக்கும் அக்கா. பத்திரம் எல்லாம் அவருகிட்ட குடுத்தேன், கையெழுத்துப் போட்டேன். சத்தியமா வாசிச்சுப் பாக்கல்ல. அந்தப் பக்கத்தது வேண்டாம்னுதான் நானும் நெனச்சேன்."

நம்புவதா என்று எனக்கு இன்றும் தெரியாது. அக்கா நம்பினாள். நம்பியதால்தான் இப்படிச் சொல்ல முடிந்திருக்க வேண்டும்.

"உங்களுக்கு எழுதித் தர வக்கீல் இருந்தாரு மெம்பரே. எனக்கு நீங்கதான் இருந்தீங்க."

அக்கா ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள். "எழுதாண்டாம்னு சொன்னது நீங்கன்னு இதுல எழுதித் தாங்க. நாளைக்கு அப்பீலுக்குக் கடைசி நாளு."

"இது வெளியில வந்தா எனக்கு அடுத்த தடவ சீட்டு கிட்டாது அக்கா."

"எனக்கு வீடு கிட்டாது."

சோமன் தாளை வாங்கி மலையாளத்தில் எழுதினார். கையெழுத்துப் போடப் போனவரின் கையை அக்கா பிடித்து நிறுத்தி, தாளை என்னிடம் தந்தாள்.

"லிஜா, சத்தமா வாசி மக்கா. அவரும் கேக்கட்டும், நானும் கேக்கட்டும்."