பின் வரிசையைப் பார்த்த நாய்

நாய்க்கு வண்டிப் பயணம் என்றால் ஜன்னலும் காற்றும் போதும் என்று உலகம் நம்புகிறது. நாகரிகம் இவ்வளவு வளர்ந்த பிறகும் இப்படி ஒரு மூடநம்பிக்கை உலவுவது வேதனைக்குரியது. ஜன்னலில் தலை நீட்டும் நாய்க்குக் கண்ணில் மண் விழும். திடீர் பிரேக்கில் கழுத்து போகும். பழவேற்காட்டிலிருந்து சென்னைக்கு வைத்தியத்துக்காக நாய், பூனை, ஒருமுறை வான்கோழி என்று வேனில் ஏற்றிப் போகிறவன் நான். சீட்டில் ரோமம் பொறுக்கிப் பிழைக்கும் சகோதரர்களே, இது உங்களுக்காக.

ஐஸ் பெட்டி

லைட்ஹவுஸ் குப்பத்து தேசம்மா, தன் நாய் கறுப்பனை மீன் ஏற்றும் ஐஸ் பெட்டியில் வைத்து, மூடியை நைலான் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்தாள். அங்கே எது ஊர் தாண்டினாலும் அப்படித்தான் தாண்டும். காற்றின் அவசியம் பற்றி ஒரு பிரசங்கம் செய்து பெட்டியைத் திறக்க வைத்தேன். கறுப்பன் முனகக்கூட இல்லை. என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தது. திரும்பினேன். வெறும் மணல்.

இரண்டு மாதம் முன்பு நாயை மட்டும் கூட்டிக்கொண்டு வலை விடப் போன அவள் புருஷன் திரும்பவில்லை. மற்றவர்கள் படகை இழுத்து வந்தபோது அதில் கறுப்பன் மட்டும் இருந்தது. உடல் கிடைக்கவில்லை, காரியம் செய்ய தேசம்மா சம்மதிக்கவில்லை. இப்போது நாய்க்குக் கட்டி. வாரம் ஒன்றாக ஆறு ஊசி.

"அவரு எப்படிப் போனாருன்னு பாத்தது இது ஒண்ணுதாண்ணே. இதுவும் பூட்டா நான் யாரைக் கேக்கறது?"

நெஞ்சுப் பட்டை

எல்லாம் முறைப்படி செய்தேன். காலையில் சாப்பாடு இல்லை. கழுத்தில் கயிறு இல்லை. நெஞ்சில் பட்டை மாட்டி சீட் பெல்ட்டோடு கோத்தேன். ஜன்னல் நான்கு விரல் திறப்பு. நடு வரிசையில் கறுப்பன், பின் வரிசையில் தேசம்மா. திருப்பாலைவனம் தாண்டுவதற்குள் மூன்று முறை வாந்தி. அவளைப் பார்த்துப் பார்த்து நடுங்கியது. சென்னை போய்ச் சேர்ந்தபோது துணிபோல் கிடந்தது.

டாக்டர் ஊசியைத் தொடவில்லை. "இந்த நிலைமைல போட்டா தாங்காது. அடுத்த வாரம் தெம்பா கொண்டுவாங்க, இல்லன்னா கொண்டுவரவே வேணாம்."

காலி இடம்

அடுத்த வாரம் தேசம்மா கேட்காமலே முன்னால், என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பின் வரிசை காலி. கறுப்பன் பட்டைக்குள்ளேயே நெளிந்து திரும்பி, சீட்டின் முதுகில் முகவாயை வைத்து, அந்தக் காலி இடத்தைப் பார்த்தபடி வந்தது. வாந்தி இல்லை, நடுக்கம் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் வாலை ஆட்டியது, யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.

அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "படகுல அவரு பின்னால நின்னு ஓட்டுவாரு. இது முன்னால குந்திக்கினு அவரையே பாத்துனு போவும். பின்னால அவரு இருந்தா இது இன்னாத்துக்குப் பயப்படணும்?"

முதல் ஊசி அன்று விழுந்தது.

லிஃப்ட்

மூன்றாவது ஊசிக்குப் போகும்போது, பழவேற்காட்டுக் கடைக்கார பாய் ஒருவர் பொன்னேரி வரை வருகிறேன் என்றார். பின் வரிசையில் உட்கார வைத்தேன். நல்ல வெயில். பத்து நிமிடம் இறால் சீசனைப் பற்றிப் பேசினார். பிறகு பேச்சு நின்றது. திருப்பாலைவனம் பஸ் நிறுத்தத்திலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். அவருடைய இடது சட்டைக்கை முழங்கை வரை நனைந்திருந்தது. என் வண்டியில் ஏசி கிடையாது.

"பக்கத்துல இருந்தவரைக் கொஞ்சம் ஒதுங்கி உக்காரச் சொல்லியிருக்கலாம்ல, தம்பி. நான் பஸ்ஸுலயே போயிக்கறேன்."

ஆறாவது ஊசி

கட்டி கரைந்துவிட்டது, இனி வர வேண்டாம் என்றார் டாக்டர். திரும்பும் வழியில், குப்பத்துக்குப் போகும் ஏரிப் பாலத்தில் ஏறியதும் கறுப்பன் தானாக முன்பக்கம் திரும்பியது. தேசம்மாவின் தோளில் மூக்கை வைத்தது. வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் போய்ப் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள், வயதானவர் இறங்கும்போது நிற்போமே, அவ்வளவு நேரம். கீழே இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தார்கள். வண்டியின் பின்பாகம் லேசாக உயர்ந்தது. அவள் கதவை மெல்லச் சாத்தினாள்.

"எறங்கிட்டாரு. போலாம்ணே."

வண்டியில் ஏறுகிறவர்களுக்கு எழுதி வைத்திருக்கும் விதிகளில் பாதியையாவது இறங்குகிறவர்களுக்கும் யாராவது எழுதியிருக்கலாம்.

மறுநாள் காலை குப்பத்தில் காரியத்துக்கு நாள் குறித்தார்கள்.